சனிக்கிழமை ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் மறுபார்வை

வணக்கம் பெற்றோர்களே. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தச் சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பாரிஸ் 2024 ஒலிம்பிக் ரிதமிக் தனிநபர் இறுதிச் சுற்றைத் திரையில் போடுகிறோம். அது 2024 ஆகஸ்ட் 9 அன்று நடந்தது. நாமெல்லாம் அன்று சிங்கப்பூர் தேசிய தின அணிவகுப்பில் மூழ்கியிருந்தோம், அதனால் பலர் தவறவிட்டோம்.

முடிவைச் சொன்னால் சுவை குறையாது என்று நினைக்கிறேன். தங்கம் ஜெர்மனியின் டாரியா வார்ஃபலோமெயெவுக்கு, 142.850 புள்ளி. அப்போது வயது 17தான்! முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் தனிநபர் தங்கம் ஐந்தையும் அள்ளியவர். வெள்ளி பல்கேரியாவின் போரியானா கலேயினுக்கு, 140.600; வெண்கலம் இத்தாலியின் சோஃபியா ரஃபாயெலிக்கு, 136.300.

வளையம், பந்து, கிளப், ரிப்பன் நான்கின் புள்ளிகளையும் கூட்டித்தான் இந்த எண் வருகிறது. (கிளப் என்றால் நம் கர்லாக்கட்டையின் குட்டித் தங்கச்சி மாதிரி.) ரிப்பன் ஆறு மீட்டர் நீளம். அதில் ஒரு முடிச்சு விழுந்தாலும் புள்ளி போய்விடும். வீட்டில் பிள்ளை ரிப்பனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

மறுநாள் குழுப் பிரிவில் சீனா தங்கம், இஸ்ரேல் வெள்ளி, இத்தாலி வெண்கலம். ஐரோப்பியரே ஆண்டு வந்த பிரிவில் ஓர் ஆசிய அணி! எனக்கு அதுதான் பெரிய செய்தி, அதையும் போடுவோம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் போத்தல், குளிர்சாதன அறை என்பதால் ஒரு ஜாக்கெட். வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே ஒரு கட்டைவிரல் போடுங்கள், கறிபப் எண்ணிக்கை சொல்ல வேண்டும்.