பழைய சொகுசு காரைக் காலையில் போய்ப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய சொகுசு செடான் வாங்குவோருக்காக உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்புகளைப் படித்தேன். டயர், பெயின்ட், ஆவணங்கள் எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் காரை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது விடுபட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதான இந்தக் கார்களில் பெருஞ்செலவு வைக்கும் கோளாறுகள் பலவும், எஞ்சின் ஓர் இரவு முழுக்க ஆறிக் கிடந்த பிறகுதான் வெளியே தெரியும். கழுவித் துடைத்து, எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கும் காரை மாலையில் பார்த்து முன்பணம் கொடுப்பது மிகவும் ஆபத்து. வயதாக ஆக இறங்குவது காரின் விலை மட்டும்தான். உதிரிபாகங்களை இன்றும் விலையுயர்ந்த காருக்குரிய விலையில்தான் வாங்கியாக வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு) உள்ள கார் என்றால் முதல் நாள் மாலையே அளவு டேப்போடு போங்கள். சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும், ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடி அளக்க வேண்டும். சில கார்களில் கதவைத் திறந்தாலே மட்டம் பார்க்கும் கருவி வேலையைத் தொடங்கிவிடும். நான்கு பக்கமும் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கவலையில்லை. ஒரு மூலை மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. பெரும்பாலும் ஏர் பெல்லோஸ் என்னும் அந்தக் காற்றுப்பையின் ரப்பர் மடிந்து உருளும் இடத்தில்தான் வெடிப்பு விடும். சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஒரு பெல்லோஸை மாற்றிவிட்டால் போதும் என்று விற்பவர் சொல்வார். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கசியும் காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய, காற்றை நிரப்பும் கம்ப்ரசரும் தேய்ந்திருக்கும்.

அடுத்து பானட்டில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் கண்ணாடியை இறக்கி, ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓரிரு விநாடி லேசான டிக்டிக் சத்தம் பல எஞ்சின்களில் இயல்பு. தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கேட்டால் அது டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. இரவில் ஆயில் வடிந்துவிடுவதால், நீண்டுபோன செயினும் அது உரசி ஓடும் தேய்ந்த பிளாஸ்டிக் கைடும் காலையில் முதலில் ஓசை எழுப்பும். 2007 முதல் 2011 வரை வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சின் இதற்குப் பெயர்போனது. அதில் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் கூலியே பெரிய தொகையாகும். செயின் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும்.

பெட்ரோல் கார் என்றால் பத்து நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டு, ஒருவர் சைலன்சர் பின்னால் நிற்க, ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். நீலப் புகை குபுக்கென்று வந்து அடங்கினால் வால்வு வழியே ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் தளர்ந்திருக்கிறது. சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்து, அதில் இனிப்பு வாடை அடித்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் எரிகிறது. கூலண்ட் டப்பாவின் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது; காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே திறந்து, எண்ணெய்ப் படலமோ துருநிறமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்பதை நம்ப வேண்டாம். இத்தகைய கியர்பாக்ஸ்கள் பலவற்றைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர் (ரிவர்ஸ்), ஆர்-இலிருந்து டி (டிரைவ்) என்று மாற்றும்போது தாமதமோ 'டொக்' என்ற இடியோ இருக்கக் கூடாது. சாலையில் 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் அழுத்திச் செல்லுங்கள். வரிவரியான தளத்தில் ஓடுவதுபோல் அதிர்ந்தால் எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரைச் சந்தேகிக்கலாம். அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு இதையே திரும்பச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் கோளாறுகளில் சில சூட்டில்தான் வரும்.

சன்ரூஃப் இருந்தால் அதைத் திறந்து, ஓரத்து வாய்க்காலின் முன்மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது முன்சக்கரத்துக்குப் பின்பக்கமோ கதவுக் கீல் அருகிலோ தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. மழைநீர் காருக்குள் இறங்கியிருக்கும். கால்மிதிக்குக் கீழே கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள், டிக்கியில் ஸ்டெப்னி குழியையும் பாருங்கள். இந்தக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் பலவும் கார்பெட்டுக்கு அடியிலும் டிக்கியிலும்தான் இருக்கின்றன. ஈரம் பட்ட ஒயரிங்கில் கோளாறைத் தேடுவதற்கே நாட்கள் போகும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். காரின் மின்னணுப் பெட்டிகளில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரையும் பயன்படுத்துங்கள். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சினை மட்டுமே படிக்கும். அந்தந்த பிராண்டுக்குரிய ஸ்கேனரே வேண்டும். பல கார்களில் கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கான மற்ற மின்னணுப் பெட்டிகளிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். அது மீட்டரோடு ஒத்துப்போகாவிட்டால் மீட்டரைக் குறைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனரில் பிழை ஒன்றும் இல்லை, கார் ஓடும்போது தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகளும் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் பிழைகளை அழித்திருக்கலாம். ஒன்றிரண்டு நாள் ஓடிய பிறகு மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

பில்களோடு 1,50,000 கி.மீ. ஓடிய காரையே நான் பரிந்துரைப்பேன். பில் ஒன்றுகூட இல்லாத 60,000 கி.மீ. காரை அல்ல. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்க விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அடுத்த முறை இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது காலைப் பரிசோதனையை முதல் வரியிலேயே சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கார் மெக்கானிக்