மீனுக்கும் ஒரு கணக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோயாளிகள் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போனது. ஒரு வரிதான் உறுத்தியது: மீன், முட்டை, இறைச்சியில் மாவுச்சத்து இல்லாததால் அளவு பார்க்காமல் சாப்பிடலாம் என்ற வரி. மாத்திரையில் ஓடுகிறவர்களுக்கு அதனால் பெரிய தொந்தரவு வராமல் போகலாம். என்னைப் போல ஊசியில் ஓடுகிறவர்களுக்கு அது சரிப்பட்டு வராது.

எனக்கு முதல் வகை நீரிழிவு, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. இன்சுலின் போடத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. திங்கள்சந்தைப் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் (வெளி மாவட்டத்தாருக்கு: முந்திரி ஆலை) கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அடியோடு விட்டேன். சம்பா அரிசிச் சோறு ஒரு கரண்டியாகச் சுருங்கியது. பச்சையாக 100 கிராம் மரச்சீனியில் 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, விடாமல் என்ன செய்ய? அந்த இடத்தை மீன் பிடித்துக்கொண்டது. குளச்சலில் இருந்து வரும் சூரையோ அயிலையோ, தேங்காய் அரைத்த கறியும் கீரைத் துவரனும். ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 115, 120. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் காலையில் எழுந்தால் 190, 200. விடியற்காலையில் சிலருக்குத் தானாகவே சர்க்கரை ஏறும் என்று தெரியும், அதுவாக இருக்கும் என்று நினைத்து இரவில் போடும் நீண்ட நேர இன்சுலினை நானே இரண்டு யூனிட் கூட்டினேன். தப்பு. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அந்த வெள்ளி கழிந்த விடியற்காலை நாலு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து முழித்தேன், மீட்டரில் 56. மாமியார் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார்.

அப்புறம்தான் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜூன், ஜூலையில் காலை அளவு எல்லாம் 110-க்கும் 130-க்கும் இடையில். ஆகஸ்ட் பிறந்ததும் ஏறுகிறது. நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அந்த இரண்டு மாதமும் பெரிய மீன் விலை கைக்கு எட்டாது, தடை இல்லாத வள்ளத்தில் (நாட்டுப் படகு) வரும் சாளையில் நாலைந்தோடு சாப்பாடு முடிந்துவிடும். தடை முடிந்ததும் தட்டில் பெரிய பெரிய சூரைத் துண்டுகள். மாமியாரிடம் சொன்னேன். "மீனுல எங்க மக்களே சீனி கெடக்கு?" என்றார். நியாயமான கேள்விதான்.

சீனி மீனில் இல்லை, நம் ஈரலில் இருக்கிறது. புரதம் செரித்து அமினோ அமிலங்களாக ரத்தத்தில் சேரும்போது கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனை விடுகிறது. அது ஈரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளியே அனுப்பச் சொல்கிறது. அமினோ அமிலத்தில் ஒரு பங்கையும் ஈரல் சர்க்கரையாக மாற்றுகிறது. மற்றவர்களுக்கு அதே நேரத்தில் இன்சுலினும் சுரந்து ஈடுகட்டிவிடும். எனக்குச் சுரக்க ஒன்றும் இல்லை. இதெல்லாம் மெதுவாக நடப்பதால் இரண்டு மணி நேரக் குத்தலில் தெரியாது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சோறு சாப்பிட்ட காலத்திலும் இது நடந்திருக்கும். ஆனால் மீன் அப்போது கொஞ்சம்தான், சோற்றுக்குப் போட்ட ஊசியில் அதுவும் அடங்கிப் போயிருக்கும். சோறு போனதும் ஊசியைக் குறைத்தேன், மீனை இரட்டிப்பாக்கினேன். வரவில் எழுதாத சரக்கு கையிருப்பில் வந்து நின்றது.

2016-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வும் இப்படித்தான் சொல்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசி இல்லாமல் புரதம் மட்டும் கொடுத்துப் பார்த்ததில் 50 கிராம் வரை பெரிய மாற்றம் இல்லை. 75, 100 கிராம் கொடுத்தபோது மூன்று மணி நேரத்துக்குப் பிறகு சர்க்கரை நன்றாக ஏறியது. மாவுச்சத்தை ஒரு நாளுக்கு 30 கிராமுக்குள் நிறுத்தச் சொன்ன அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைனும் புரதத்தை இஷ்டத்துக்கு விடவில்லை. ஒவ்வொரு வேளைக்கும் இவ்வளவு என்று தினமும் மாறாமல் வைக்கச் சொன்னார். அவரே 12 வயதில் இருந்து ஊசி போட்டவர்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: மீனின் எடை புரதத்தின் எடை அல்ல. 100 கிராம் மீனில் புரதம் சுமார் 20 கிராம், சூரையில் கொஞ்சம் கூடுதல். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு நாள் சமைப்பதற்கு முன் என் பங்கைத் தராசில் வைத்தேன்: 320 கிராம். ராத்திரி ஒரு வேளைக்கு மட்டும் 70 கிராமுக்கு மேல் புரதம்! ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 54 கிலோ இருக்கும் எனக்கு நாள் முழுவதுக்குமே 45 கிராம்தான்.

பயறும் கொண்டைக்கடலையும் புரதம் என்று நினைத்து அள்ளுகிறவர்களும் உண்டு. அதில் பாதிக்குப் பாதி மாவுச்சத்து. எங்கள் ஆபீசில் நொறுங்கிய அண்டிப்பருப்பை வாயில் போடும் பழக்கம் எனக்கும் உண்டு. 100 கிராமில் புரதம் 18 என்றால் மாவுச்சத்து 30.

புரதத்துக்கும் ஊசி வேண்டும் என்று தெரிந்ததும் மொத்தத்தையும் சாப்பாட்டுக்கு முன்பே போட்டு ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். வேகமான இன்சுலின் முதல் இரண்டு மணி நேரத்தில் தன் வேலையின் பெரும்பகுதியை முடித்துவிடும், மீன் அப்போதுதான் கிளம்பும். முதலில் தாழ்ந்து, பிறகு ஏறியது. இப்போது மருத்துவர் பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறார். அதைவிட உதவியது தட்டைச் சுருக்கியதுதான்: ராத்திரிக்கு 150 கிராம் மீன், ஏழரைக்குள் சாப்பாடு, பன்னிரண்டு மணிக்கு ஒரு குத்தல். காலை அளவு 130-ஐத் தாண்டுவது இப்போது அபூர்வம்.

என் அளவைப் பார்த்து யாரும் ஊசியைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுகிறவர்கள் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரத அளவே வேறு. இவற்றை எல்லாம் நீங்கள் கட்டுரையிலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கலாம்.

ஒரு விண்ணப்பம். அடுத்த இதழில் சால்மன், டோஃபு என்று எழுதாமல் சாளை, அயிலை, வாளை, நெய்மீன் என்று நம் மீன்களுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். நெத்திலிக் கருவாட்டையும் சேருங்கள். அதில் தண்ணீர் வற்றிவிடுவதால் பச்சை மீனைவிட இரண்டு மூன்று மடங்கு புரதம் இருக்கும். கைப்பிடிதானே என்று நானும் அதை எடை போடாமல்தான் இருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்