ட்ரில் போட்டே செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் போட்டானிக் படிகம் பற்றி, அதாவது சீரான இடைவெளியில் குச்சியோ ஓட்டையோ வைத்து குறிப்பிட்ட அலைநீள ஒளியை உள்ளே விடாமல் தடுக்கும் அமைப்பு பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். தூசி புகாத ஆய்வுக்கூடமும் கோடிக்கணக்கில் கருவிகளும் இருந்தால்தான் அதைச் செய்ய முடியும் என்று முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. கணபதியில் 31 வருடமாக லேத்தும் மில்லிங்கும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். போன மாசியில் என் பட்டறையிலேயே ஒன்று செய்தோம்.

பக்கத்து வீட்டு அம்மிணி இன்ஜினியரிங் கடைசி வருடம். “ஏனுங்க மாமா, 225 ஓட்டை போட்டுத் தருவீங்களா?” என்று படத்தோடு வந்தாள். அக்ரிலிக் தகட்டில் 15 வரிசை, வரிசைக்கு 15 ஓட்டை, மையத்துக்கு மையம் 11 மி.மீ. ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. அலுமினா பீங்கான் குச்சி நிற்க வேண்டும். பேக்லாஷ் (திருகாணியின் லூஸ் ஆட்டம்) வராமல் டேபிளை ஒரே பக்கமாக ஓட்டிப் போட்டு முடிக்க ஒரு நாள் ஆனது.

கல்லூரி மைக்ரோவேவ் பெஞ்சில், அதாவது ஒரு பக்கம் அலையை அனுப்பி மறுபக்கம் ரிசீவரில் அளக்கும் மேசையில், வைத்துப் பார்க்க என்னையும் கூட்டிப் போனாள். மைக்ரோவேவும் ஒளி போன்ற அலைதான், நீளம்தான் அதிகம். 10 கிகாஹெர்ட்ஸ், அதாவது 3 செ.மீ. அலைநீளம். வெறும் தகடு இருந்தவரை மீட்டர் முள் நன்றாக ஏறி நின்றது. குச்சிகளை நட்டதும் படுத்துவிட்டது. பீங்கான் அலையை விழுங்கவில்லை. ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்புகிறது, இந்த இடைவெளிக்கு அவை எல்லாம் ஒன்றுகூடி அலையை வந்த வழியே தள்ளிவிடுகின்றன. அப்புறம் அவள் தகட்டின் நடு வரைக்கும் ஒரு வரிசைக் குச்சிகளை உருவி, அங்கிருந்து பக்கவாட்டில் இன்னொரு வரிசையையும் உருவினாள். ரிசீவரைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் முள் எழுந்தது. வாய்க்காலில் மடை திருப்பியது போல அலை முனை திரும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1987இல் யாப்லோனோவிட்ச், சஜீவ் ஜான் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் தனித்தனியாக இந்த யோசனையைச் சொன்னார்கள். 1991இல் எந்தத் திசையிலும் அலை புகாத படிகத்தை யாப்லோனோவிட்ச் குழு செய்து காட்டியதும் ட்ரில் போட்டுத்தான். ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்திலிருந்து 35 டிகிரி சாய்த்து, மூன்று பக்கமாக ஓட்டைகள். அதுவும் மைக்ரோவேவுக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு என்றால் எங்கள் தகட்டை 60,000 மடங்கு சுருக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்தான், சரி.

கல்லூரி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: பிள்ளைகளைப் படத்தோடு எங்களிடம் அனுப்புங்கள். செய்து வைத்த ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிப் போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பம்பு செட் ஆர்டர் குறைந்த நாட்களில் மெஷின் சும்மாதான் நிற்கிறது. கூலி வேண்டாம், ட்ரில் பிட் மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.