மாவ்ஷிக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். குழைந்த சோறு இரண்டு வாய் இறங்குகிறது, உப்பு இல்லை என்று அம்மாவைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார். தேறிவிடுவார்.

ரத்தம் கொடுத்த தம்பிகள், விடியும் முன்னே டாக்சியோடு வந்து நின்ற அண்ணன், பணம் திரட்டிக் கொடுத்த ஊர்க்காரர்கள், காசு வாங்காமல் இளநீர் வெட்டித் தந்த 90 அடி ரோட்டுக் கடைக்காரர், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பின்பக்கத்து பில்டிங் மாவ்ஷியைப் (மராத்தியில் சித்தி, பெரியம்மா) பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்கள். பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்து முடிக்க வேண்டும். கூடவே ஆன்டிபயாடிக் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால்தான் வெட்டிய இடத்தில் சீழ் பிடிக்கும் ஆபத்து குறையும் என்று சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். சோறு கிடையாது. தெளிந்த ரசம், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, இளநீர் மட்டும். கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டுமாம். எல்லாம் அச்சடித்த தாளில் இருந்தது. வீட்டில் கக்கூஸ் உண்டா என்று மட்டும் அதில் யாரும் கேட்கவில்லை. மும்பை தாராவியில் எங்கள் கோலியில், ஒற்றை அறை வீட்டில், ஏது? சந்து முனை சண்டாஸுக்கு (பொதுக் கக்கூஸுக்கு) அப்பா ராத்திரி முழுக்க எத்தனை தடவை ஓடுவார்?

யார் போய்ச் சொன்னார்களோ, சாயங்காலமே மாவ்ஷி வந்து, "பாயையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்றார். போனால் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர். காலையில் கொஞ்ச நேரம் வரும் குழாயை நம்பியிருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். பிள்ளைகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அப்பா கூச்சப்படுகிறார் என்று பார்த்ததும் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் யாராவது தூங்க முடியுமா? விடியும்வரை டிவி ஓடியது.

கக்கூஸ் ஜன்னல் திட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தது. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நாலைந்து தடவை போய் வந்த அப்பாவுக்குப் புரிந்தது. அந்த எரிச்சலை முன்கூட்டி நினைத்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தையல் பிரிக்கப் போகும்போது சிஸ்டரிடம் அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லப் போகிறேன். சேர்க்கிறார்களோ இல்லையோ, எங்கள் சந்தில் இனி யாருக்கு இப்படி ஒரு ராத்திரி வந்தாலும் தண்ணீர் பிடித்துவைப்பது என் பொறுப்பு.

மாவ்ஷி, இதை உங்கள் மருமகள் வாசித்துச் சொல்வார். அப்பா படியேறத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டு வருகிறேன். டீ போதும், வேறு எதுவும் செய்யாதீர்கள்.