கணக்கில் வராத கோப்பை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆறு உறைய ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் பிள்ளைகள் அதன்மேல் ஸ்கேட் போட்டு ஓடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நம் வின்னிபெக் ஐஸ் ஹாக்கி டீமைப் பற்றி உன் மகன் கேட்டது நான்கு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "தாத்தா, உங்க ஜெட்ஸ் ஒரு கப்கூட ஜெயிச்சதில்லையாமே?" என்றான். மூன்று கப் ஜெயித்திருக்கிறோம் என்றேன். "அது வேற லீக் தாத்தா, அது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து வயதுப் பிள்ளை, படித்ததைச் சொல்கிறான். ஆனால் பின்னாலிருந்து நீயும் "ஆமாப்பா, அதெல்லாம் சேர்க்க மாட்டாங்க" என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே இருந்தாய், பாப்பா. 1979 மே 20ஆம் தேதி, வின்னிபெக் அரினாவில், என் மடியில் இருந்தாய்.

நான் கனடாவுக்கு, இந்த ஊருக்கு, வந்தது 1974 ஆகஸ்டில். அதற்கு இரண்டு வருடம் முன்பே லீக் சண்டை மூண்டுவிட்டது. அதுவரை பெரிய ஹாக்கி என்றால் என்.ஹெச்.எல். என்கிற நேஷனல் ஹாக்கி லீக் ஒன்றுதான். அங்கே ஒருமுறை கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரன், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே கிளப்பின் ஆள். அவர்களாக விற்கலாம், மாற்றலாம். அவனாக வேறு இடம் போக முடியாது. ஆபீசில் என் பக்கத்து மேசையில் பிளான் படம் வரைந்துகொண்டிருந்த உக்ரேனியக்காரர் இதை எனக்கு விளக்கியபோது, நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையாள் ஞாபகம்தான் வந்தது. இவர்களுக்குச் சம்பளம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் பூட்டு அதே பூட்டுதான்.

அதை எதிர்த்து 1972இல் 12 டீம்களோடு வந்த புது லீக்தான் டபிள்யூ.ஹெச்.ஏ., அதாவது வேர்ல்ட் ஹாக்கி அசோசியேஷன். நம் ஜெட்ஸ் ஆடியது அதில்தான். அந்த ஜூன் 27ஆம் தேதி, போர்ட்டேஜ் ரோடும் மெயின் ரோடும் சந்திக்கிற முனையில், என்.ஹெச்.எல். சிகாகோ டீமின் பாபி ஹல் வின்னிபெக்குக்காகக் கையெழுத்துப் போட்டார். அங்கே 604 கோல் போட்ட மனிதர். முன்பணம் மட்டும் 10 லட்சம் டாலர். நம் ஊர் முதலாளி பென் ஹாட்ஸ்கின் ஒருவரால் அவ்வளவு தர முடியாது என்று மற்ற டீம்காரர்களும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். உடனே வழக்கு வந்தது. சீசன் தொடங்கியும் சில வாரம் ஹல் வெளியே உட்கார வேண்டியிருந்தது. நவம்பரில் பிலடெல்பியா கோர்ட் அந்தப் பூட்டு செல்லாது என்று சொன்ன பிறகுதான் ஐஸில் இறங்கினார். அந்தச் செப்டம்பரில் ரஷ்யாவோடு நடந்த தொடரில் கனடா அணியில் அவருக்கு இடமில்லை. லீக் மாறிப் போனவர், அவ்வளவுதான் காரணம். அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டம் இதே வின்னிபெக்கில் நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் முதன்முதலில் அரினாவுக்குப் போனது 1975 குளிர்காலத்தில், அந்த உக்ரேனியக்காரரோடு. வெளியே மைனஸ் 30. எஞ்சின் உறையாமல் இருக்க, காரின் மூக்கிலிருந்து தொங்குகிற ஒயரை பிளக்கில் மாட்டிவிட்டுப் போனோம். ஆட்டத்தின் நடுவே ஒரு வண்டி வந்து ஐஸை வழித்துத் தண்ணீர் விட்டுப் போகும். மார்கழி விடியலில் சாணம் மெழுகிய வாசல்போல ஈரமாக மின்னும் அந்தத் தரை. வெள்ளை வாசல் என்பதுதான் வித்தியாசம். அந்த நிமிடத்தில் எனக்கு ஊர் ஏக்கம் கொஞ்சம் தணிந்தது. இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆனால் என்னை அந்த டீமோடு கட்டிப்போட்டது ஸ்வீடன்காரர்கள்தான். ஹெட்பெர்க், உல்ஃப் நில்சன், ஷோபெர்க் மூவரும் நான் வந்த அதே 1974இல் வந்தவர்கள். அவர்கள் இடித்து ஆடுகிறவர்கள் இல்லை. பக் என்கிற அந்த ரப்பர் வட்டைத் தட்டித் தட்டி, சுற்றிச் சுற்றி வந்து, காலி இடம் பார்த்துப் போவார்கள். ஹல் அவர்களோடு சேர்ந்து ஆடிய முதல் சீசனில் 78 ஆட்டத்தில் 77 கோல். அதைப் பொறுக்காமல் எதிர் டீம்காரர்கள் மட்டையால் கையில் அடிப்பார்கள், முழங்கையால் முகத்தில் இடிப்பார்கள். வெளிநாட்டான் திருப்பி அடிக்க மாட்டான் என்ற தைரியம். 1975 அக்டோபரில் ஹல் இந்த அடிதடியைக் கண்டித்து ஓர் ஆட்டம் ஆடாமல் நின்றார். அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பின்னால் வெளிவந்தவை எல்லாம் வேதனையானவை. அதை நான் மூடி மறைக்கமாட்டேன். ஆனால் வெளியூரிலிருந்து வந்தவனுக்காக உள்ளூர்ப் பெரிய ஆள் ஒருவர் நின்றதைப் பேப்பரில் படித்த அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஏனென்றால் அந்த வருடம் எனக்காக நிற்க யாருமில்லை. திருச்சியில் எட்டு வருடம் பாலமும் ரோடும் போட்டவன் நான். இங்கே ஓர் இடத்தில், "கனடா அனுபவம் இல்லையே, அது கணக்கில் வராது" என்றார்கள். இன்னோர் இடத்தில், "இந்தச் சின்ன வேலைக்கு உங்கள் அனுபவம் அதிகம்" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் ஒரே வாரத்தில். கடைசியில் படம் வரைகிற வேலையில்தான் சேர்ந்தேன். நீயும் அம்மாவும் 1976இல் வந்தபோது இதையெல்லாம் சொல்ல மனம் வரவில்லை.

சரி, அந்தக் கடைசி சீசனுக்கு வருகிறேன். 1978 கோடையில் ஹெட்பெர்க்கும் நில்சனும் நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள். ஹல் நான்கே ஆட்டம் ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டார். கலைந்துபோன ஹூஸ்டன் டீமிலிருந்து ரஸ்கோவ்ஸ்கி, பிரெஸ்டன், லூகோவிச் என்று சிலர் வந்து சேர்ந்தார்கள். லீக்கில் மிஞ்சியது ஏழு டீம். டிசம்பரில் இண்டியானாபொலிஸ் மூடியதும் ஆறு. அந்த இண்டியானாபொலிஸ் எட்டே ஆட்டம் ஆடவிட்டு ஒரு 17 வயதுப் பையனை எட்மன்டனுக்கு விற்றிருந்தது. அவன்தான் வேய்ன் கிரெட்ஸ்கி. இங்கே எட்மன்டன் ஆட வந்தபோது நீ அவனைக் காட்டி, "இந்த அண்ணன் ஏன்பா எல்லாரையும்விட ஒல்லியா இருக்கான்?" என்று கேட்டாய்.

எல்லாருக்கும் பணம் கரைந்துகொண்டிருந்தது. இரண்டு லீக்கும் மாற்றி மாற்றி ஏலம் கேட்டதில் ஆட்டக்காரர்களின் சம்பளம் பல மடங்காகியிருந்தது. 1979 மார்ச் 8ஆம் தேதி, நம் டீம் உட்பட டபிள்யூ.ஹெச்.ஏ.வின் நான்கு டீம்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று என்.ஹெச்.எல். ஓட்டெடுத்தது. 17 டீமில் 13 ஓட்டு வேண்டும், கிடைத்தது 12. வேண்டாம் என்றவர்களில் மான்ட்ரியாலும் ஒன்று. அந்த டீம் மோல்சன் பீர் கம்பெனியுடையது. மறுநாளே ஊரில் அந்த பீரை யாரும் தொடவில்லை. எட்மன்டனிலும் கியூபெக்கிலும் அதே கதை. உக்ரேனியக்காரர் இருபது வருடமாக அதைத்தான் குடித்தவர். மிச்சமிருந்த பாட்டில்களை என் கண்முன்னே பனியில் கவிழ்த்தார். இரண்டே வாரத்தில், மார்ச் 22ஆம் தேதி, 14க்கு 3 என்று ஓட்டு மாறிப்போனது. நீ இப்போது குடியிருக்கிற டொராண்டோ இரண்டு தடவையும் வேண்டாம் என்றுதான் சொன்னது. இதை உன் மகனிடம் சொல்.

சேர்த்துக்கொண்ட விதம்தான் கொடுமை. டீமுக்கு 60 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம். என்.ஹெச்.எல். கிளப்புகள் உரிமை வைத்திருந்த ஆட்டக்காரர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதில் நம் டீம்கள் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது சிலரை மட்டும். ஏழு வருட ரெக்கார்டு எதுவும் சேராது.

இதெல்லாம் தெரிந்தேதான் அந்த மே மாதம் ஆடினார்கள். கிடாயை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தே மாலை போட்டதுபோல இருந்தது ஊர். மூன்றாவது இடத்தில் இருந்த ஜெட்ஸ் முதலில் கியூபெக்கை நான்கு ஆட்டத்திலும் வென்றது. அப்புறம் இறுதியில் எட்மன்டன். ஆறாவது ஆட்டம் இங்கே. உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். முதல் இரண்டு பகுதியும் நீ சீட்டின்மேல் ஏறி நின்று கத்தினாய். மூன்றாவதில் என் கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு தூங்கிவிட்டாய். சுற்றிலும் அத்தனை பேர் கூச்சல் போட, உன் மூச்சு மட்டும் என் சட்டையில் சூடாகப் பட்டது.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். நாம் 7, அவர்கள் 2. ஆட்டம் முடிய 12 விநாடி. சனமெல்லாம் ஐஸில் இறங்கத் தயாராக நிற்கிறது. அப்போது எட்மன்டனின் டேவ் செமென்கோ ஒரு கோல் போட்டார். அதனால் ஒன்றும் மாறாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஓடிப்போய்ப் போட்டார். அந்த லீக்கின் கடைசி கோல் அதுதான்.

பிறகு நடந்தது உனக்கே நினைவிருக்கும். பிரெஸ்டன், ரஸ்கோவ்ஸ்கி, கென்ட் நில்சன் என்று நம் ஆட்டக்காரர்களை எல்லாம் என்.ஹெச்.எல். கிளப்புகள் எடுத்துக்கொண்டன. அங்கே நம் டீமுக்கு இரண்டாவது வருடத்தில் 80 ஆட்டத்தில் ஒன்பதே வெற்றி; இடையில் தொடர்ந்து 30 ஆட்டம் வெற்றியே இல்லை. நீ பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாய். கிரெட்ஸ்கி கதை இன்னும் அநியாயம். அவருடைய 894 கோலில், அந்த முதல் வருடத்து 46 சேராது. ஆனால் என்.ஹெச்.எல்.லில் சிறந்த புதுமுகப் பரிசு மட்டும் தரமாட்டோம் என்றார்கள். அவர் ஏற்கனவே ஒரு வருடம் தொழில்முறையாக ஆடிவிட்டாராம். சாதனைக்குக் கணக்கில் இல்லாத வருடம், பரிசைத் தடுக்க மட்டும் கணக்கில் வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது, என்னைத் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு ஆபீசும் ஒன்றாகக் கண்முன் வந்தன.

1996இல் அந்த டீமே ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டது. அரினாவை 2006இல் இடித்தார்கள். இப்போது இங்கே ஆடும் ஜெட்ஸ், பெயர் அதுவே என்றாலும், அட்லாண்டாவிலிருந்து வந்த வேறு டீம். ஆகவே உன் மகனுக்குக் காட்ட என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். உன் ஜாதகம் இருக்கிற தகரப் பெட்டியில், அந்த நாளின் இரண்டு டிக்கெட்டும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் புளியோதரை எண்ணெய்க் கறை, அது உன்னுடையது. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் நைந்திருக்கிறது, மெதுவாகப் பிரித்துக் காட்டு. இன்னொன்று என்னிடமே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அவனை லைனில் கொஞ்ச நேரம் உட்கார வை.

அன்புடன்,
அப்பா