கொரியன் நாடகத்துல தூங்குற புள்ளையும் எங்கட வீட்டுப் புள்ளையும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தார், கொரியன் நாடகம் பாத்துத்தான் எங்கட புள்ளைகள் கெட்டுப் போகுதுகள், பள்ளிக்கூடத்தக் காதல் பண்ற இடமா நினைக்குதுகள் எண்டு. ஆறு மாசத்துக்கு முதல் எண்டா நானும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். இப்ப சொல்ல மாட்டன். ஏனெண்டு சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாப் போனா மன்னிச்சுக் கொள்ளுங்க.

என்ட மகள் ஏஎல் (உயர்தரம்) பயோ படிக்கிறாள். ஒரு நாள் ராவு பதினொண்டரைக்குத் தண்ணி குடிக்க ஒழும்பினா அவள்ட அறையில போர்வைக்குள்ள வெளிச்சம். போனப் பறிச்சு ஏசத்தான் போனன். ஸ்கிரீன்ல ஒரு வகுப்பறை, பாடம் நடக்குது, ஒரு பெடியன் மேசையில தலைய வச்சு நல்ல நித்திரை, டீச்சர் பக்கத்தால போறா, ஆனா எழுப்பல்ல. ஏச வந்தத மறந்துட்டு "ஏன் அந்த டீச்சர் சும்மா போறா?" எண்டு கேட்டுட்டன். "அம்மா, அவங்க எல்லாரும் டியூசன் முடிஞ்சு வீட்ட போய்ப் படுக்கவே ஒரு மணி ரெண்டு மணி ஆகும்" எண்டாள். பிறகு கொஞ்சம் பேசாம இருந்துட்டு, "நானும் ஞாயித்துக்கிழமை கெமிஸ்ட்ரி கிளாஸ்ல அப்பிடித்தான் தூங்குறன், பின் வாங்குல இருக்கிறதால சேருக்குத் தெரியாது" எண்டு சொன்னாள். அவள்ட தலைமாட்டுல ஹைலைட்டர் பேனை மூடாமக் கிடந்து, தலகாணி உறையில மஞ்சள் ஒரு கையகலத்துக்கு ஊறியிருந்திச்சு. கிளாஸ்ல குடுக்கிற டியூட் தாள விரிச்சு வச்சபடியே அவள் எத்தனை நாள் அப்பிடிப் படுத்திருப்பாள் எண்டு எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுலதான் இருக்கிறம்.

அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை ராவுல ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கத் தொடங்கினம். எல்லா நாடகமும் உண்மை எண்டு நான் சொல்ல வரல்ல. 2009ல வந்த பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ் மாதிரி கோடீஸ்வரப் பெடியன்மார் ஸ்கூல ஆட்டிப் படைக்கிறது கதை, ஆரும் நம்பப் போறதில்ல. முப்பது வயசுக்குக் கிட்ட உள்ள நடிகர்மார் யூனிபோர்ம் போட்டு, ஒரு பரு இல்லாத முகத்தோட வாறதும் அப்பிடித்தான். ஆனா ஸ்கூல் 2013 எண்டு ஒண்டு இருக்கு, அதுல காதல் எண்டு பெருசா ஒண்டும் இல்ல, படிப்புல பின்தங்கின ஒரு வகுப்பும் அதுகளோட மல்லுக்கட்டுற ரெண்டு ஆசிரியரும்தான். புள்ளைகளே தும்புத்தடி புடிச்சு வகுப்பறை துப்புரவாக்குறதப் பாத்துட்டு இது எங்கட ஸ்கூல் மாதிரியே இருக்கெண்டு நான் சொன்னன். ஸ்கை காஸில் எண்ட நாடகம் பாக்கக்குள்ளதான் எனக்குச் சரியான கஷ்டமாப் போச்சு. அதுல மெடிக்கல் ஃபேக்கல்டி கிடைக்கோணும் எண்டு ஒரு புள்ளைக்கு வீட்டுக்குள்ளயே அலுமாரி மாதிரி ஒரு பெட்டி அறை, உள்ள போய்க் கதவச் சாத்திட்டு இருந்து படிக்கோணும். நானும் மகளுக்கு ஹோல் மூலையில திரை போட்டு மேசை வச்சுக் குடுத்தனான், நல்லதெண்டு நினைச்சுத்தான்.

என்ட அக்காட மகன் கொரியன் பாஷை சோதினை பாஸ் பண்ணி அங்க ஃபேக்டரியில வேலை செய்றான். அவனிட்டக் கேட்டன், நாடகத்துல காட்டுறது உண்மையா மனே எண்டு. "சித்தி, எனக்கு நைட் சிஃப்ட் முடிஞ்சு வரக்குள்ள பஸ்ஸுல அந்தப் புள்ளைகள் பேக்கோட நிண்டபடியே தூங்கும், கடையில நூடில்ஸ் ஊத்திச் சாப்பிட்டுட்டு அப்பத்தான் வீட்ட போகும்" எண்டான். அங்க நவம்பர் மாசம் ஒரு வியாழக்கிழமை, ஒரே நாள்ல காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் கெம்பஸ் நுழைவுச் சோதினை. இங்கிலீஸ் கேட்டு எழுதுற பகுதி நடக்கக்குள்ள சத்தம் வரக் கூடாதெண்டு 35 நிமிசம் நாடு முழுக்க பிளேன் ஏறவும் இறங்கவும் விடமாட்டாங்களாம். வேலைக்குப் போற ஆக்களையும் ஒரு மணித்தியாலம் பிந்தி வரச் சொல்லுவாங்க. 2017ல சோதினைக்கு முதல் நாள் பொஹாங் எண்ட ஊர்ல நிலநடுக்கம் வந்து ஒரு கிழமை தள்ளிப் போட்டதும் நடந்திருக்கு. அத மகள் வாசிச்சுக் காட்டக்குள்ள எனக்கு 2024 நவம்பர்தான் ஞாபகம் வந்திச்சு, வெள்ளத்தால ஏஎல் சோதினை இடையில நிண்டதும், பக்கத்து வீட்டுப் புள்ள அடுத்த பேப்பர் எப்ப எண்டு தெரியாம கொப்பிய மடியில வச்சுக்கொண்டு ரோட்டுத் தண்ணியப் பாத்துக்கொண்டு இருந்ததும்.

இதுல நான் சொல்ல வந்தது இதுதான் ஐயா. அந்த நாடகங்கள்ல உண்மையா இருக்கிறது காதல் இல்ல, களைப்பு. எங்கட புள்ளைகளுக்கு அது புடிச்சுப் போறதுக்குக் காரணமும் அதுதான் எண்டு நான் நினைக்கிறன். எங்கட டிவியில எங்கட ஏஎல் புள்ளைட ஒரு நாள ஆரு காட்டினது? மகள்ட கூட்டாளி ஒருத்தி வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம், மண்டூர்ல இருந்து பாதையில (வாவியக் கடக்கிற மிதவையில) ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கால பஸ் புடிச்சுக் கிளாஸுக்கு வாறாள். கிளாஸ் அரை மணித்தியாலம் பிந்தினா அவள்ட தகப்பன் துறையில நிண்டு அல்லாடுறார், வீட்ட போற வழியில ஆனைப் பயம் வேற. கெம்பஸ் போகத் தேவையான இசட் ஸ்கோர் புள்ளி வருதோ இல்லையோ, அந்தப் புள்ள தினமும் பயணம் பண்ற தூரத்த ஆரும் கணக்குல எடுக்கிறதில்ல.

களைக்க வைக்கிறதுல பேர் போன அந்த நாட்டுலயே சியோல்ல டியூசன் நிலையங்கள் ராவு 10 மணிக்கு மேல நடத்த ஏலாது. எதிர்த்து வழக்குப் போட்டும் 2009ல அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை சரிதான் எண்டு சொல்லிட்டு. இங்க சோதினைக்கு முன்னால சில நாளைக்கு மட்டும் கிளாஸ் வைக்காதீங்க எண்டு பரீட்சைத் திணைக்களம் தடை போடுது, மத்த நாளெல்லாம் விடிய ஆறு மணிக்கும் கிளாஸ், ராவு எட்டு மணிக்கும் கிளாஸ். எங்கட பிரதேச சபையும் வலயக் கல்வி அலுவலகமும் டியூசன் ஆசிரியர்மாரக் கூப்பிட்டுக் கதைச்சு, பின்னேரம் ஆறரையோட முடிக்கச் சொல்லோணும், ஞாயிறு ஒரு அரை நாளாவது புள்ளைகளுக்கு விடோணும். சேர்மார நான் குறை சொல்லல்ல, சிலபஸ் முடியாது எண்டு அவங்களும் ஓடுறாங்க, நாங்க தாய் தகப்பன்மாரும்தான் மத்தப் புள்ள போகுது நீயும் போ எண்டு அனுப்புறம்.

போன கிழமை எழுதின அந்த ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. போனப் பறிக்கிறதுக்கு முதல் பக்கத்துல இருந்து ஒரு எபிசோட் பாருங்க, பாத்துட்டு உனக்கும் இப்பிடித்தானா எண்டு கேளுங்க. எனக்கு என்ட புள்ள ஒரு வருசமாச் சொல்லாதத அண்டைக்குத்தான் சொன்னாள்.

மகளுக்கு இண்டைக்கும் கிளாஸ் முடிய ஏழரை ஆகும், நான் சந்தியில போய் நிக்கோணும், அதால இதோட நிப்பாட்டுறன்.

இப்படிக்கு,
ஏஎல் படிக்கிற புள்ளைட தாய்,
களுவாஞ்சிகுடி.