15 அல்ல, 87

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கக் கட்டுரை, 2025இல் பிரக்ஞானந்தா வென்ற டாட்டா ஸ்டீல் செஸ் தொடரை '15ஆவது' என்கிறது. 2011இலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். டாட்டாவின் பெயர் ஒட்டியதுதான் அந்த ஆண்டு. தொடர் தொடங்கியது 1938இல். அதிலிருந்து 2025 வரை 88 ஆண்டுகள். போரால் 1945இல் மட்டும் நடக்கவில்லை. ஆக, 87.

முதலில் ஒல்லாந்தின் பெவர்வெய்க் ஊரில், பக்கத்து இரும்பாலையின் ஆதரவில் நடந்தது. ஆலையின் பெயர் ஹூக்ஓவன்ஸ். ஊதுலைகள் என்று பொருள். 1968இல் கடலோரக் கிராமமான வெய்க் ஆன் ஸேக்கு மாறியது. (நீங்கள் 'விஜ்க் ஆன் ஜீ' என்று ஆங்கில எழுத்தைக் கூட்டி அச்சிட்டிருக்கிறீர்கள். கந்தோர் (அலுவலகம்), கக்கூசு என்ற சொற்களை ஒல்லாந்தரிடம் காதால் கேட்டு எடுத்துக்கொண்ட ஊர் இது. இதையும் அப்படியே எடுக்கலாமே.) 1999இல் ஆலை பிரிட்டிஷ் ஸ்டீலுடன் இணைந்து கோரஸ் ஆனது. 2000 முதல் தொடருக்கும் அதே பெயர். 2007இல் கோரஸை டாட்டா வாங்கியது. பெயர்ப்பலகை மாறினாலும் தொடர் ஒன்றுதான். 1946இல், உணவுப் பங்கீட்டுக் காலத்தில், நிறைவு விருந்தில் பட்டாணி சூப் பரிமாறினார்கள். அந்தச் சூப் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய பிசகு, இத்தொடரின் பட்டங்களைப் பற்றிய 'கார்ல்சன் 8, ஆனந்த் 5, அனைத்தும் தனி வெற்றி' என்ற வரி. ஆனந்த் தனித்து வென்றது 2003, 2004 ஆகிய இரண்டு முறைதான். 1989இல் நிகோலிச், ரிப்ளி, சாக்ஸ் மூவருடனும், 1998இல் கிராம்னிக்குடனும், 2006இல் தொப்பலோவுடனும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். கார்ல்சனின் 2008 வெற்றியும் அரோனியனுடன் பகிர்ந்ததே. அப்போதெல்லாம் புள்ளி சமனானால் பட்டமும் சமன். 2018இலிருந்துதான், முதலிடத்தில் சமனானவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் சமன்முறி ஆட்டம் வந்தது. அந்த ஆண்டு கார்ல்சன் மின்னல்வேக ஆட்டங்களில் கிரியை வென்றார். 2021இல் அதே கிரி வான் ஃபொரெஸ்டிடம் அப்படித்தான் தோற்றார்.

பிரக்ஞானந்தாவின் கதையும் இந்த விதியால் வந்தது. அவரும் குகேஷும் தலா 8.5 புள்ளி. இருவரும் கடைசிச் சுற்றில் தோற்றார்கள், பிரக்ஞானந்தா கெய்மரிடம், குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம். சமன்முறியில் முதல் ஆட்டம் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, மூன்றாவதும் அவருக்கே. பழைய விதியென்றால் இருவர் பெயரும் பட்டியலில் இருந்திருக்கும். ஆகவே 2018க்கு முந்திய பட்டங்களையும் பிந்தியவற்றையும் ஒரே நிரலில் கூட்டக் கூடாது. கூட்டினால், பக்கத்தில் ஓர் உடுக்குறியாவது (*) வேண்டும்.

அடுத்த முறை வெற்றியாளரின் படத்தைச் சற்றுச் சுருக்கி, முழுப் புள்ளி அட்டவணையைப் போடுங்கள். பிழை பார்ப்பதும் இலேசு. 14 பேர், 13 சுற்று, சுற்றுக்கு 7 ஆட்டம்: மொத்தம் 91 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்பதால் கடைசி நிரலின் கூட்டுத்தொகை 91 வர வேண்டும். 90.5 வந்தால் எங்கோ ஓர் அரைப்புள்ளி விழுந்துவிட்டது. சுற்று ஒற்றைப்படை என்பதால் பாதிப் பேருக்கு வெள்ளைக் காய் 7 முறை, மீதிப் பேருக்கு 6 முறை. அதையும் ஒரு நிரலில் காட்டினால் வாசகருக்கு உதவும்.

நேரத்தையும் கவனியுங்கள். ஆட்டம் தொடங்குவது ஒல்லாந்தில் பிற்பகல் 2 மணி என்றால் கொழும்பில் மாலை 6.30. ஆட்டம் நீண்டால் நள்ளிரவாகும். உங்கள் பக்கம் அதற்குள் அச்சுக்குப் போயிருக்கும். முடியாத ஆட்டத்தை 'சமநிலை' என்று ஊகித்துப் போடாமல் 'தொடர்கிறது' என்று விட்டுவிடுங்கள். கடைசிச் சுற்று மட்டும் நண்பகலில் தொடங்குகிறது, நமக்கு மாலை 4.30. அன்று சமன்முறி வரக்கூடும் என்பதால் தலைப்பை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டாம்.

செஸ் பயிற்றுநர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06